அறுபத்தோரு நாள்

ஏப்ரல் பதினாலு நள்ளிரவில்
கடலைப் பூட்டிவிடுகிறார்கள்.
மண்டபம் தெற்குத் துறையில் விசைப்படகுகள்
முட்டுக் கொடுத்துக் கரையில் நிற்கின்றன
அடிவயிற்றுச் சிப்பிகளைச் சுரண்டக் காட்டிக்கொண்டு.
எக்கோ சவுண்டர் பழுதுபார்க்கிறவனுக்கு
ஜூன் வரை வேலையில்லை.
நான் பீரோவைத் திறக்கிறேன்.

தெரன்சியாளின் புடவைகளுக்கு ஒரு தட்டு,
மீதித் தட்டெல்லாம் தட்டுகளுக்கே.
தொண்ணூற்று மூன்று.
ஜாஸ் மேலே, ராக் கீழே.
உப்புக்காற்று முதலில் தின்பது
உறைகளின் முதுகில் இருக்கும் பெயர்களை.
எனக்குப் பெயர் வேண்டாம்,
விளிம்பைத் தடவினாலே தெரியும் எது எதுவென்று.

எல்லாம் கீழக்கரை கமருஜமானிடம் வாங்கியவை.
கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர்,
டர்பனிலும் ராட்டர்டாமிலும்
சம்பளத்தைக் கரைத்தவர்.
தனக்குப் பிடிக்காத தட்டுக்கு
இரட்டை விலை சொன்னார்.
"புரிஞ்சதை யாரு வேணாலும் விப்பாங்க தம்பி,
புரியாததுக்குத்தான் காசு."
அதனால் என்னிடம் ராக் மலிவு.
ஜாஸ் இன்னும் கடனில் இருக்கிறது.

சுழலும் பெட்டியை நானே கட்டினேன்
பழைய காகித எக்கோ சவுண்டரின் மோட்டாரை வைத்து.
ஒரு காலத்தில் அதன் முள்
மன்னார் வளைகுடாவின் அடித்தரையைக்
காகிதத்தில் கீறிக் காட்டியது,
பார் எங்கே, சேறு எங்கே, மீன் எங்கே என்று.
இப்போதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

கரண்ட் போனால்
பாடகன் மெல்ல மாடாகிறான்.

படகில்லாத டிரைவர் இன்னாசி
பீடியை அணைத்துவிட்டு உள்ளே வருவான்.
ஒரு டிரம்ஸ்காரனை
இரண்டு முழு நிமிடம் தலை சாய்த்துக் கேட்டான்.
"நாலாவது சிலிண்டர் அடிக்கல."
இன்னும் கொஞ்சம் கேட்டான்.
"இல்ல. வேணும்னே விடுறான்."
அதற்குமேல் ஜாஸைப் பற்றி எனக்கு
ஒன்றும் தெரியாது.

அறுபத்தோரு நாளில்
தொண்ணூற்று மூன்று அடங்காது,
நாளுக்கு ஒன்றுதான் என்பது என் சட்டம்.
ஒவ்வொரு வருடமும் முப்பத்திரண்டு
உறையோடே தூங்கும்.
எது தூங்குவது என்று முடிவு செய்வதில்தான்
எனக்கும் எனக்கும் சண்டை.

போன வருடம் தூங்கிய பியானோ தட்டு ஒன்று.
வெள்ளை உறை, டர்பன் கடை முத்திரை,
மூலையில் யாரோ ஒருத்தியின் பெயரை
அடித்துவிட்டு எழுதிய இன்னொருத்தியின் பெயர்.
இந்த மே மாதம் அதைப் போட்டேன்.
மூன்றாவது பாட்டின் நடுவில்
பியானோவுக்குப் பின்னால்
ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தேன்.
கிறீச்.
எட்டு வருடமாகக் கேட்கிறேன்,
எங்கே இருந்தது இந்த நாற்காலி?

தெரன்சியாள் கூனி இறாலில் தூசி பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:
"நீ தொடாத நேரமாப் பாத்து குஞ்சு பொரிச்சிருக்கும்."

அவளுக்கு ட்ரம்பெட் ஆகாது,
வாத்தை அறுக்கிற சத்தம் என்பாள்.
பிடித்தது ஒன்றே ஒன்று.
ராக் அடுக்கில், நீல உறைத் தட்டின் இரண்டாம் பக்கம்,
எல்லாக் கருவியும் நின்ற பிறகு
தடித்த கம்பி மட்டும் பேசுகிற இடம்.
"அது வயித்துலேர்ந்து பேசுது" என்பாள்
கை வேலையை நிறுத்தாமல்.

கச்சான் காற்று மணலை அள்ளி
ஜன்னலில் எறிகிறது.
டீசல் போட ஆரம்பித்துவிட்டார்கள்.
அறுபத்தோராம் நாள் இரவுக்கு
அந்த நீல உறைத் தட்டைத்தான் வைத்திருந்தேன்.
முதல் பக்கம் முடிந்து திருப்பிப் போட்டு
உட்காரக்கூட இல்லை, போன்.
துறையில் நூறு என்ஜின்கள் உறுமுகிற சத்தத்துக்கு நடுவே
ஒரு சின்னப் பையன் கத்துகிறான்:
"அண்ணே, ஆழம் காட்டல."

ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு
டெஸ்டரை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
தெரு திரும்புகிறபோது காதில் விழுந்தது,
அவள் ஊசியை இறக்குகிறாள்.
நான் விட்ட இடத்தில் இல்லை.
அவளுக்குப் பிடித்த இடத்தில்.